ஹாலோவீன் பேய்த் திருவிழா அல்ல

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகளிடமிருந்து ஒரு பட்டியல் வரும். மாதக் கடைசியில், அக்டோபர் 31 ஹாலோவீன் அன்று, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கப்போகும் பழைய படங்கள், டிவி சிறப்பு நிகழ்ச்சிகள், அன்றைக்குப் போட்டுக் கேட்கும் பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். "உங்க லிஸ்டையும் அனுப்புங்க சித்தப்பா" என்பாள். நானும் அனுப்புவேன். பல வருடப் பழக்கம் இது. இந்த வருடம் உறவினர் ஒருவர் அவள் பட்டியலைத் தமிழாக்கிக் குடும்பக் குழுவில் போட்டார். தலைப்பு, 'பேய்த் திருவிழாவுக்குப் பத்துப் பேய்ப்படங்கள்'. முதல் இடத்தில் சார்லி பிரவுன் கார்ட்டூன்.

அந்தக் கார்ட்டூனில் பேயே கிடையாது. 1966 அக்டோபர் 27 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதன்முதலில் வந்த அரை மணி நேர நிகழ்ச்சி அது. ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவார்கள். பேய் மாதிரி இருப்பதெல்லாம் அப்படிப் போர்த்திக்கொண்டு போகும் வெள்ளைத் துணி. சார்லி பிரவுன் தன் துணியில் கண்ணுக்கு ஓட்டை போடத் தெரியாமல் போட்டு, அது முழுக்கச் சல்லடையாகிவிடும். வீடு வீடாகப் போனால் மற்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் விழும், அவன் பையில் மட்டும் கல் விழும். இதைப் பேய்ப்படம் என்று ஒருவர் எழுதுகிறார் என்றால் குற்றம் அவருடையது மட்டுமல்ல. செய்திகளிலும் டிவியிலும் ஹாலோவீனைப் 'பேய்த் திருவிழா', 'பேய்கள் தினம்' என்று வருடா வருடம் கேட்டுக் கேட்டு அதுதான் பொருள் என்று நம்பிவிட்டார்.

சொல்லின் பொருள் நேர் எதிர். பழைய ஆங்கிலத்தில் 'ஹால்கா' என்றால் புனிதர். அதிலிருந்து 'ஹாலோ'. நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாள், 'ஆல் ஹாலோஸ்'. அதற்கு முந்தின மாலை 'ஆல் ஹாலோஸ் ஈவன்'. முன்சொல்லும் நடுவில் இருந்த வகர ஒலியும் பேச்சில் தேய்ந்து ஹாலோவீன் ஆனது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் 'சவின்' என்ற பழைய பண்டிகையும் அதே நாளில் வந்து கலந்துகொண்டது. வேஷமும் தீயும் அந்தப் பக்கத்து வழக்கங்கள். பெயர் மட்டும் முழுக்கப் புனிதர்களுடையது.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இந்தத் திருநாள் புதிதே அல்ல. இப்போது 'அனைத்துப் புனிதர்கள் பெருவிழா' என்கிறார்கள். பழைய பெயர் 'சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள்'. அப்புறம் அவர்களுடைய பழைய செபத்தில் 'உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக' என்று ஒரு வரி வரும். அதே வரியை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'ஹாலோட்' என்ற சொல்தான் வருகிறது. ஆங்கிலத்தில் செபத்துக்கும் திருநாளுக்கும் வேர் ஒன்று. தமிழிலும் செபத்தில் 'அர்ச்சி', திருநாளில் 'அர்ச்சிய'. இவ்வளவு பொருத்தமாகப் பெயர்த்து வைத்துவிட்டுப் போனார்கள் பழைய ஆட்கள். நாம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேயைப் பிடித்துக்கொண்டோம்.

'அன்றைக்குப் பேய் வேஷம் போடுகிறார்களே, பேய்த் திருவிழா என்றால் சட்டென்று புரிகிறதே' என்பார்கள். சரி, குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேஷம், குரங்கு வேஷம், குறவன் வேஷம் என்று கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போகிறார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் 'குரங்குத் திருவிழா' என்று தன் மொழியில் எழுதினால் விடுவோமா? கண்ணில் பட்டது வேஷம், பெயர் முத்தாரம்மனுடைய தசராவுக்கு என்று எடுத்துச் சொல்ல மாட்டோமா?

'பேய்' என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள கனத்தையும் இவர்கள் பார்ப்பதில்லை. காரைக்கால் அம்மையார் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொண்டார். ஆழ்வார்களில் ஒருவர் பேயாழ்வார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு சொல்லின் முன்னால் 'பேய்' சேர்ந்தால் அளவு மீறியது, உதவாதது என்று பொருள் மாறிவிடும். பேய்மழை, பேய்க்காற்று, பேய்ச்சுரை, பேய்ப்புடல். பேய்ச்சுரையில் பேய் குடியிருக்கவில்லை. அது கசக்கும், கறிக்கு ஆகாது, அவ்வளவுதான். அந்த வழக்கில் ஊறிய காதுக்குப் 'பேய்த் திருவிழா' என்றால் வெறிபிடித்த திருவிழா என்றுதான் விழும். பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போகும் ஒரு மாலைக்கு இந்தப் பெயரா?

இன்னும் சிலர் பேயை விட்டுவிட்டு 'ஆவிகள் திருநாள்' என்கிறார்கள். இது இன்னும் மோசம். தமிழ்க் கிறிஸ்தவரிடம் போய் ஆவித் திருநாள் என்றால் தூய ஆவியின் பெருவிழாவைச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். அது ஈஸ்டர் கழிந்து ஐம்பதாம் நாள் வருவது. இறந்தவர்களுக்கான நாளைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டால் அது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எப்படிப் பார்த்தாலும் அக்டோபர் 31 கிடைக்கவில்லை.

பண்டிகைப் பெயர் கெட்டால் அதோடு சேர்ந்த எல்லாம் கெடுகிறது. ஜான் கார்பென்டரின் 1978-ஆம் ஆண்டுப் படத்தின் பெயரே 'ஹாலோவீன்'. அதில் வருபவன் மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வந்த கொலைகாரன், மனிதன். அவனைப் பற்றிப் படத்தில் ஒரு சின்னப் பையன் கேட்கும் சொல் 'பூகிமேன்'. நான் பார்த்த ஒரு தமிழ் சப்டைட்டிலில் அதற்கும் 'பேய்' என்றே போட்டிருந்தார்கள். பூச்சாண்டி என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதே இல்லையா? 'பூச்சாண்டி வர்றான்' என்று பயங்காட்டித்தானே நமக்குச் சோறு ஊட்டினார்கள்? பூச்சு, ஆண்டி இரண்டும் சேர்ந்தது என்று அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டுவார்கள், உடம்பெல்லாம் நீறு பூசி வாசலில் வந்து நிற்கும் ஆண்டி. படத்தில் அவன் மாட்டியிருப்பது கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கர்க் முகமூடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தது. இதைவிடப் பொருத்தமான சொல்லை உட்கார்ந்து யோசித்தாலும் உண்டாக்க முடியாது.

பாட்டுக்கும் இதே கதி. 'மான்ஸ்டர் மாஷ்' 1962 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசையில் முதலிடத்துக்கு வந்த பாட்டு, இன்றும் ஹாலோவீன் என்றால் அது ஒலிக்காத வீடு குறைவு. அதைப் 'பேய் மசியல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'மாஷ்' அங்கே ஒரு ஆட்டத்தின் பெயர். 'மாஷ்ட் பொட்டேட்டோ' என்ற ஆட்டம் அந்தக் காலத்தில் அமெரிக்க இளைஞர்களிடம் பரவியிருந்தது, அதை வைத்துக் கட்டிய பெயர். நம்மிடம் 'குத்து' இருக்கிறதே, அந்த மாதிரி. 'அசுரக் குத்து' என்றால் துள்ளலும் வந்துவிடும்.

பிள்ளைகள் கதவைத் தட்டிச் சொல்லும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' எல்லா இடத்திலும் 'தந்திரமா விருந்தா' என்று வருகிறது. அங்கே தந்திரமும் இல்லை, விருந்தும் இல்லை. 'மிட்டாய் தர்றீங்களா, சேட்டை பண்ணட்டுமா' என்பதுதான் விஷயம். 1944-இல் வந்த 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்தில் இந்தச் சேட்டையின் பழைய முகத்தைப் பார்க்கலாம். கதை 1903-இல் தொடங்குகிறது. தெருவில் தீ மூட்டி நிற்கும் பிள்ளைகள், ஊரே பயப்படும் ஒரு வீட்டுக்காரர் முகத்தில் மாவை வீசிவிட்டு ஓட வேண்டும். குட்டிப் பெண் டூட்டி தனியாக இருட்டில் நடந்து போய்க் கதவைத் தட்டுகிறாள். அவள் முகத்தில் தெரியும் பயத்தை எத்தனை பேய்ப்படம் பார்த்தாலும் நான் கண்டதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பெயராகச் சொல்லும்போது ஹாலோவீன் என்றே இருக்கட்டும். கிறிஸ்துமஸ், ஓணம், ஹோலி எல்லாம் பெயராகவே வந்து தமிழில் நிலைக்கவில்லையா? பொருள் விளங்கச் சொல்ல வேண்டிய இடத்தில் 'புனிதர் முன்னிரவு' என்பேன். பொழுது சாய்ந்ததிலிருந்து நடுநிசி வரை முன்னிரவு. பிள்ளைகள் தெருவில் இறங்கும் நேரமும் அதுதான். 'முன்' என்பதில் மறுநாள் திருநாள் என்ற குறிப்பும் கிடைக்கிறது. 'ஈவன்' என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் உள்ள மாலை, திருநாளுக்கு முந்தின பொழுது என்ற இரண்டு பொருளும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. தேவாலயத் தமிழில் 'திருவிழிப்பு' என்று ஒன்று உண்டு, ஈஸ்டருக்கு முந்தின இரவைப் பாஸ்கா திருவிழிப்பு என்பார்கள். திருநாளுக்கு முந்தின இரவு கண்விழித்துக் காத்திருப்பது. வழிபாட்டுக்கு அது சரி, மிட்டாய்ப் பைக்குக் கொஞ்சம் கனம்.

ஆனால் அந்தச் சார்லி பிரவுன் நிகழ்ச்சிக்குத் திருவிழிப்பு என்பதே பொருந்தும். மற்றவர்கள் மிட்டாய்க்கு ஓட, சார்லியின் நண்பன் லைனஸ் மட்டும் பரங்கித் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். பெரிய பரங்கிக்காய் எழுந்து வந்து நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு தரும் என்று நம்புகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், துணைக்கு இருந்த சார்லியின் தங்கை சாலியும் கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். அவன் குளிரில் நடுங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கிறான். ஒன்றும் வரவில்லை. அடுத்த வருடம் கட்டாயம் வரும் என்கிறான். நான் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

அண்ணன் மகளின் பட்டியலைத் திருத்திக் குழுவில் மறுபடி போட்டுவிட்டேன். தலைப்பு, 'ஹாலோவீன் இரவுக்கு எங்களுக்குப் பிடித்த படங்களும் பாட்டுகளும்'.