கணுக்காலுக்குள் ஒரு பாக்குவெட்டி

காரைக்குடி வாசகி ஒருவர் கேட்கிறார்: "பரதம் பழகும் என் மகளுக்கு நுனிக்காலில் எழும்பும்போது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், உள்ளே நசுங்குவதுபோல் வலிக்கிறது. சுளுக்கு என்று இரண்டு முறை வழித்துவிட்டோம். குறையவில்லை. ஏன்?"

நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டினால் கீழ்க்கால் எலும்பின் பின்விளிம்பு மேல் தகடு, குதிகால் எலும்பு கீழ்த் தகடு. நடுவில் அகப்படுவது தாலஸ் என்ற கணுக்கால் எலும்பின் பின்முனை.

சரி, பாக்கு எது? 8 முதல் 13 வயதுக்குள் தாலஸின் பின்னால் தனியாக ஒரு சிற்றெலும்பு முளைக்கும். வழக்கமாக ஓராண்டுக்குள் தாலஸோடு ஒட்டிவிடும். சிலருக்கு ஒட்டாமலே நின்றுவிடும். அதுதான் ஆஸ் ட்ரைகோனம். இதோடு ஆயுள் முழுக்க வலியில்லாமல் நடப்பவர்களே அதிகம். ஓயாமல் பாதத்தை நீட்டுகிறவர்களுக்குத்தான் தொல்லை: பாலே ஆடுபவர்கள், கால்பந்து வீரர்கள், வேகப்பந்து வீச்சாளர்கள், குதித்து மெட்டடவு பழகும் பிள்ளைகள்.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது ஒரு தசைநாண். பெருவிரலை மடக்கும் தசை விரலில் இல்லை, கீழ்க்காலின் பின்புறம் இருக்கிறது. அதன் நாண் கிணற்றுச் சகடையில் ஓடும் கயிறுபோல, தாலஸின் பின்னால் இரண்டு புடைப்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வழுக்கி, வளைந்து, உள்ளங்கால் வழியாக விரலுக்குப் போகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நம் பாக்கு. அங்கே வீங்கினால் கயிறும் சிக்கும். அப்போது பெருவிரலை மட்டும் மடக்கினாலே கணுக்காலுக்குப் பின்னால், உள்பக்கமாக வலிக்கும்.

சுளுக்கு வழிப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த நோயைக் கண்டறிய மருத்துவர் பாதத்தைக் கீழ்நோக்கிச் சட்டென்று அழுத்திப் பார்ப்பார், வலித்தால் நிறுத்திவிடுவார். பாதத்தை இழுத்து இழுத்து வழிக்கும்போது அதே அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம். பிள்ளைகளை இதற்கு அனுப்பாதீர்கள்.

சிகிச்சை ஓய்விலும் பிசியோதெரபியிலும் தொடங்கும். தேவைப்பட்டால் ஸ்கேன் பார்த்தபடி ஸ்டீராய்டு ஊசி. பலருக்கு இதுவே போதும். அடங்காவிட்டால் குதிகால் நாணுக்கு இருபுறமும் சிறு துளையிட்டு அந்த எலும்பை எடுத்துவிடலாம்; நெதர்லாந்து மருத்துவர் வான் டைக் குழுவினர் 2000இல் விவரித்த முறை இது.

முதலில் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். வழவழப்பான விளிம்போடு சிற்றெலும்பு தெரிந்தால் முறிவு என்று பயப்பட வேண்டாம். புதிதாக முறிந்த எலும்பின் விளிம்பு கரடுமுரடாக இருக்கும். அப்புறம், மருத்துவர் சம்மதித்தால் அரைமண்டியும் அபிநயமும் தொடரட்டும். பாதம் தரையில் பதிந்திருக்கும்வரை தகடுகள் விலகியே இருக்கும்.