குரோஷா: கொக்கியில் பிறந்த சொல்

ஒரே ஒரு கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலையை குரோஷா, குரோஷே, குரோசா என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். மூலம் பிரெஞ்சு. ‘குரோக்’ என்றால் அங்கே கொக்கி. ‘குரோஷே’ சின்னக் கொக்கி. கருவியின் பெயரே வேலைக்கும் ஆகி, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மேய்ப்பரின் வளைகோலைக் குறிக்கும் ‘க்ரூக்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவுதான்.

தமிழில் வெறுமனே ‘பின்னல்’ என்று எழுதிவிடுகிறார்கள். சடையும் பின்னல், கூடையும் பின்னல், ஸ்வெட்டரும் பின்னல். காலுறை போடப் புதிதாகக் கற்பவரைக் குழப்ப இது போதும். ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசி வேலையான நிட்டிங்கில் ஊசிமேல் பத்துக்கணக்கில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், வரிசையாக நிற்கும்; ஊசி நழுவினால் அத்தனையும் அவிழப் பார்க்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். முந்தின வரிசைக்குள் கொக்கியை நுழைத்து, நூலை மாட்டி இழுத்து, கொக்கியில் இருப்பதோடு சேர்த்து முடித்தால் ஒரு தையல் தீர்ந்தது. மாட்டி இழுக்கும் அந்தக் கொக்கிதான் இந்த வேலைக்கு அடையாளம். ஆகவே ‘கொக்கிப் பின்னல்’ என்பதே சரியான பெயர் என்பேன். கருவி கொக்கி ஊசி. மாட்டுவதைக் கொளுவுதல் என்பவர்களுக்குக் ‘கொளுவுப் பின்னல்’ இன்னும் இனிக்கலாம்.

‘சாக்ஸ்’ லத்தீன் ‘சொக்குஸ்’ வழி வந்தது. ரோமானிய நகைச்சுவை நாடக நடிகர்கள் அணிந்த மெல்லிய காலணி அது. தமிழில் காலுறை, கையுறை, வாளுறை வரிசையில் கச்சிதமாக உட்காரும் சொல், மாற்ற வேண்டியதே இல்லை. எகிப்தில் கிடைத்த கி.பி. 4-5ஆம் நூற்றாண்டுக் கம்பளிக் காலுறைகளைச் சிலர் குரோஷா என்று எழுதுவது தவறு. கட்டைவிரலுக்குத் தனி அறை வைத்த அவை, கொக்கி இல்லாத ஒற்றைத் தையலூசியால் முடையப்பட்டவை.

கொக்கிப் பின்னல் துணி தடிமன், அவ்வளவாக இழுபடாது. அதனால் காலுறைக்கு மெல்லிய நூலும் 2.5 முதல் 3.5 மி.மீ. வரையிலான கொக்கியும் நல்லது. கம்பளியோடு கொஞ்சம் நைலான் கலந்த நூல் குதிகாலில் சீக்கிரம் தேயாது. பாதச் சுற்று 22 செ.மீ. என்றால் காலுறையை 20 செ.மீ. அளவில் போட வேண்டும், இல்லாவிட்டால் தொளதொளக்கும். கணுக்காலுக்கு மேல் வரும் பட்டியைத் தனியாகக் குறுக்குவாட்டில், கண்ணியின் பின்னிழையில் மட்டும் கொக்கியை விட்டுப் போட்டால் ரப்பர்போல் இழுபடும்.

தையல் பெயர்களில் ‘செயின்’ சங்கிலி, சிக்கல் இல்லை. ‘சிங்கிள்’, ‘டபுள்’ இரண்டையும் ஒற்றை, இரட்டை என்று பெயர்க்க அவசரப்பட வேண்டாம். அமெரிக்கர் சிங்கிள் என்பதைப் பிரிட்டனில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். எந்த நாட்டு முறை என்று பார்க்காமல் தொடங்கினால், பாதத்துக்குப் போட்டது முழங்கால் வரை நீண்டுவிடும்.