லைவ் லொகேஷன் அனுப்பாவிட்டால் காதல் இல்லையா?

“என்மேல் நம்பிக்கை இருந்தால் லொகேஷன் அனுப்பு.” கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் இளம் ஜோடிகள் வாயிலாக இதை அடிக்கடி கேட்கிறேன். இப்படிக் கேட்பது ஆண்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். இரவில் தனியாக கிராப் கார் ஏறும்போது ஒரு மணி நேரம் பகிர்வது நல்ல பழக்கம். காலையில் வேலைக்குப் போனதும் 8 மணி நேரம், அது முடிந்ததும் மறுபடி 8 மணி நேரம் என்றால், அது பாதுகாப்பு இல்லை. தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தில் பார்த்த கங்காணி வேலை.

அந்தக் கங்காணி சரியாகவாவது பார்க்கிறாரா? கிளானா ஜெயா எல்ஆர்டி ரயில், மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து அம்பாங் பார்க் வரை தரைக்கடியில் ஓடுகிறது. அங்கே ஜிபிஎஸ் சரியாக எடுக்காது. மேப்பில் புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிடும், இல்லையென்றால் எங்கேயோ குதிக்கும். அதை வைத்து இரவு முழுக்க விசாரணை நடக்கிறது. ‘ஆன்லைன்’ என்று காட்டுவதும் அப்படித்தான். வாட்ஸ்அப் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அத்தை அனுப்பிய காலை வணக்கப் படங்களை அழித்துக்கொண்டிருந்தாலும் ஆன்லைன்தான்!

ஒருவர் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை, இன்னொருவர் கோலாலம்பூரில் என்று இருக்கும் ஜோடிகளுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் கூடுகிறது. கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பில் இருந்தோம் என்று காட்டும் ‘லாஸ்ட் சீன்’ வசதியை இருவருமே மறைத்துப் பாருங்கள் என்பேன். நாம் மறைத்தால் மற்றவருடையதும் நமக்குத் தெரியாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். முதல் சில நாள் தவிப்பாக இருக்கும். அப்புறம், கேட்க வேண்டியதை நேராகக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

இதுவரை சொன்னது பேசித் தீர்க்கக்கூடியது. திருட்டுத்தனமாக வேவு பார்ப்பது வேறு விஷயம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்பதைத் திறந்து பாருங்கள். உங்களுடையது அல்லாத கணினி அங்கே இருந்தால், உங்கள் செய்திகளை வேறு யாரோ படிக்க முடிகிறது என்று பொருள். உங்கள் போனின் பாஸ்வேர்ட் தெரிந்தவருக்கு, நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் அதை இணைத்துவிட முடியும்.

பிரிந்த பிறகும் புதுப்புது கணக்குகளில் வந்து தொந்தரவு செய்பவர்கள் இருக்கிறார்கள். 2023-இல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 507ஏ பிரிவின்படி, ஒருவரை அச்சுறுத்தும் வகையில் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்வதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். காதலித்தவர் என்பதால் சலுகை கிடையாது.

துணையைக் கண்டு உங்களுக்குப் பயம் இருந்தால், தெரியாத கணினியை உடனே நீக்கிவிடாதீர்கள். அவர் உஷாராகிவிடுவார், கோபம் உங்கள்மேல் திரும்பலாம். முதலில் நம்பகமான ஒருவரிடம் காட்டி, அவருடைய போனிலேயே அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். தாலியான் காசே என்ற அரசு உதவிச் சேவையின் 15999 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். அந்த அழைப்பையும் வேறொருவர் போனிலிருந்து செய்யுங்கள்.