டியூனிங்: அதைச் ‘சரிசெய்தல்’ என்று எழுதாதீர்கள்

பிட்காயின் மைனிங் கருவி (ஓயாமல் கணக்குப் போட்டு பிட்காயின் சம்பாதிக்கும் பெட்டி) ஒன்றுக்கான தமிழ்க் கையேட்டில் ஒரு பகுதிக்கு ‘சரிசெய்தல் மற்றும் சரிசெய்தல்’ என்று தலைப்பு வைத்திருந்தார்கள். அச்சுப் பிழை இல்லை. மூலத்தில் ட்ரபிள்ஷூட்டிங் என்று ஒன்றும் டியூனிங் என்று ஒன்றும் இருந்திருக்கும், இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு மொழிபெயர்த்தவரோ மென்பொருளோ அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். இந்தச் ‘சரிசெய்தல்’ போன் செட்டிங்கில் வருகிறது, பிரின்டரோடு வரும் தாளில் வருகிறது, ரிப்பேர் என்றாலும் அதுதான், அட்ஜஸ்ட்மென்ட் என்றாலும் அதுதான், காலிபரேஷன் என்றாலும் அதுதான். ஒரு சொல்லை இத்தனை வேலைக்கு ஏவினால் அது எந்த வேலையையும் செய்யாது.

வேரை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. டியூன் என்பது டோன் என்ற சொல்லின் இன்னொரு வடிவம். டோன் லத்தீன் வழியாகக் கிரேக்கத் ‘தோனோஸ்’ வரைக்கும் போகிறது. அதற்கு இழுத்துக் கட்டுதல், விறைப்பு என்று பொருள். நரம்பை இழுத்துக் கட்டினால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும், அங்கிருந்துதான் இசைக்கருவிக்கு, பிறகு வானொலிக்கு, பிறகு எஞ்சினுக்கு, இப்போது சிப்புக்கு. ட்ரபிள்ஷூட்டர் வேறு குடும்பம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தந்தி, தொலைபேசிக் கம்பிகளில் எங்கே பழுது என்று தேடிப் போன லைன்மேன்களுக்கு அந்தப் பெயர். அவருடைய வேலையின் கடினமான பாதி, அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது. ஒட்டுப் போடுவது அதற்குப் பிறகு.

இப்போது கருவிக்கு வருவோம், ஏனென்றால் இந்த இரண்டு சொற்களும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது அங்கேதான் தெரியும். 2016இல் பிட்மெய்ன் நிறுவனம் வெளியிட்ட ஆன்ட்மைனர் எஸ்9 என்ற மைனிங் கருவியை எடுத்துக்கொள்கிறேன், பழையதுதான், ஆனால் கணக்குப் போட வசதியானது. மைனிங்கில் போடும் கணக்குக்கு ஹாஷ் என்று பெயர், அதைப் போடும் சிப்புகள் உள்ள பலகை ஹாஷ் போர்டு. மூன்று ஹாஷ் போர்டு, ஒவ்வொன்றிலும் 63 சிப், மொத்தம் 189. ஒரு சிப்புக்குள் 114 கோர், ஒவ்வொரு கோரும் சிப்பின் கிளாக் துடிப்பு ஒன்றுக்கு ஒரு ஹாஷ் போடும். 625 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு சுமார் 13.5 டெராஹாஷ், அதாவது 13.5 லட்சம் கோடி ஹாஷ், வரும். விளம்பரத்தில் போட்டிருந்த ஹாஷ்ரேட்டும் அதுதான்.

சரி, உங்கள் எஸ்9 திடீரென்று 9 டெராஹாஷ் மட்டும் தருகிறது. மைனிங் தெரிந்தவருக்கு இந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே புரிந்துவிடும்: மூன்றில் ஒரு பங்கு காணோம், அப்படியென்றால் ஒரு போர்டு படுத்துவிட்டது. கருவி தானே எழுதிவைக்கும் குறிப்பான லாக்கைத் திறந்தால் அந்த போர்டின் வரிசையில் எத்தனை சிப் தெரிகிறது என்று எழுதியிருக்கும். பூஜ்யம் என்றால் முதலில் ரிப்பன் கேபிள், பிறகு பவர் கனெக்டர், போர்டை வேறு இடத்தில் மாற்றிச் செருகிப் பார்த்தல். 63க்குப் பதில் 40 என்றால், கட்டளை சிப்பிலிருந்து சிப்புக்குச் சங்கிலியாகப் போவதால், 40க்கும் 41க்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்க வேண்டும், மல்டிமீட்டரை அங்கே கொண்டுபோக வேண்டும். நூறு வருடத்துக்கு முந்தைய லைன்மேன் கம்பி நெடுகத் தேடிப் போன அதே வேலை, நீளம் மட்டும் ஒரு சாண். இதில் சில சமயம் போர்டு மேல் குற்றமே இருக்காது. எஸ்9க்கு வழக்கமாகப் போடும் பிட்மெய்ன் பவர் சப்ளை 220 வோல்ட்டில் 1600 வாட் தரும், 110 வோல்ட்டில் 1200 வாட்தான். கருவிக்கோ 1300 வாட்டுக்கு மேல் வேண்டும். அமெரிக்காவில் வீட்டுச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு போர்டைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இதில் எந்த இடத்திலாவது எதையாவது ‘சரி’ செய்தோமா? இல்லை. கண்டுபிடித்தோம். எந்தக் கேபிளை மாற்றுவது, எந்த சிப்பைப் பிடுங்குவது என்பதெல்லாம் அப்புறம்.

டியூனிங் இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் தொடங்குகிறது. மூன்று போர்டும் ஓடுகின்றன, 189 சிப்பும் தெரிகின்றன, வெப்பம் அளவோடு இருக்கிறது, பழுது என்று எதுவும் இல்லை. இனிமேல்தான் கேள்வி: இந்த மின்சாரத்துக்கு இது போதுமா? சிப் உண்ணும் மின்திறன் துடிப்பு வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் இறக்கினால் சிப்புகளின் மின்செலவு 19 சதவீதம் குறையும். ஆனால் இறக்கிக்கொண்டே போக முடியாது, ஓர் அளவுக்குக் கீழே சிப் தப்புக் கணக்குப் போட ஆரம்பிக்கும், ஹார்டுவேர் எரர் எண்ணிக்கை ஏறும். ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டிய சிப்புகளுக்குள்ளேயே ஒன்று திடமாக இருக்கும், ஒன்று சோனியாக இருக்கும். அதனால்தான் பிராகாவைச் சேர்ந்த பிரெய்ன்ஸ் போன்றவர்களின் மென்பொருளில் ஆட்டோடியூனிங் என்று ஒரு வசதி, ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியாகச் சோதித்து அதனதன் வேகத்தை வைத்துவிட்டு, மொத்த மின்செலவு நாம் சொன்ன வாட்டுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும்.

கவனியுங்கள், ஒன்றை ஏற்றுகிறோம், இன்னொன்றை இறக்குகிறோம். கிராபிக்ஸ் கார்டில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் மைனிங்கை விட்டு விலகும் வரை, அதற்காக ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு வைத்திருந்தவர்கள் எல்லாம் மெமரி வேகத்தை ஏற்றி, கோர் வேகத்தை இறக்கி, பவர் லிமிட்டையும் இறக்கி, 120 வாட் சுமாரில் 60 மெகாஹாஷ் எடுத்தார்கள். அந்தக் கணக்குக்கு மெமரிதான் வேண்டும், கோர் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். இதை ‘ஓவர்கிளாக்’ என்றாலும் தப்பு, ‘அண்டர்கிளாக்’ என்றாலும் தப்பு. டியூனிங்தான் சரி.

இப்போது அந்தக் கையேட்டுக்காரர் பக்கம் போவோம். 9 டெராஹாஷ் தரும் எஸ்9ஐ வைத்துக்கொண்டு ஒருவர் ‘சரிசெய்தல்’ அத்தியாயத்தைத் திறக்கிறார். இரண்டு சரிசெய்தலில் எது தனக்கு என்று தெரியாது. ‘ஹாஷ்ரேட்டை உயர்த்த அதிர்வெண்ணைச் சரிசெய்யவும்’ என்ற வரி கண்ணில் படுகிறது. செய்கிறார். செத்த போர்டு செத்தபடியே இருக்க, உயிரோடிருக்கும் இரண்டும் கூடுதலாகக் கொதிக்கின்றன. சொல் தப்பானால் பொருள் தப்பும் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள், இங்கே போர்டே போய்விடும்.

‘சரிசெய்தல்’ என்ற சொல்லே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சரியில்லாத ஒன்றைச் சரியாக்குவது, ரிப்பேர். அந்த வேலைக்கு அருமையான சொல், அங்கேயே இருக்கட்டும். டியூனிங்கில் சரியில்லாதது எதுவும் கிடையாது என்பதுதான் விஷயமே.

‘உகப்பாக்கம் போடலாமே’ என்று ஒரு கட்சி. இவர்கள் கொஞ்சம் படித்தவர்கள், அதனால் வாதம் செய்ய ஆசையாக இருக்கிறது. உகப்பாக்கம் ஆப்டிமைசேஷனுக்கு வந்த சொல், கணக்கில் இதுதான் ஆகச் சிறந்த விடை என்று காட்டும் வேலை. டியூனிங்கில் அப்படி ஒரே விடை இல்லை. மின்சாரம் மலிவான ஊர்க்காரர் ஒரு விதமாக வைப்பார், பழைய எஸ்9ஐக் குளிர்கால ரூம் ஹீட்டராக ஓட்டுகிறவர் சத்தம் குறைய வேண்டும் என்று இன்னொரு விதமாக வைப்பார், இருவர் வைத்ததும் சரி. தவிர, உகப்பாக்கம் என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் உங்களை ஒரு முறை ஏற இறங்கப் பார்ப்பார். ‘ஒத்திசைத்தல்’ என்று இன்னொரு கட்சி. அதை ஏற்கெனவே போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கோப்பு பரிமாறும் சிங்க் வேலைக்குக் கொடுத்தாகிவிட்டது. ‘மேம்படுத்துதல்’ என்பவர்களோடு பேச எனக்குத் தெம்பில்லை, அப்கிரேடு, அப்டேட், இம்ப்ரூவ்மென்ட், டெவலப்மென்ட் எல்லாவற்றையும் அந்த ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

எனக்கே ஆசையாக இருந்த சொல் ‘பதம்’. பாகுக்குப் பதம் உண்டு, மண்ணுக்குப் பதம் உண்டு, கூடினாலும் கெடும் குறைந்தாலும் கெடும் என்ற பொருளை அது அப்படியே தருகிறது. ஆனால் வினையாக்கும்போது மாட்டிக்கொள்கிறது. பதப்படுத்துதல் என்றால் தோலும் மீனும் நினைவுக்கு வரும். பதம் பார்த்தல் என்றால் காயப்படுத்துவது. ‘மைனரைப் பதம் பார்த்தேன்’ என்று எழுதினால் ஆள்மேல் கேஸ் போடுவார்கள்.

ஆக எங்கே போவது? டியூனிங் பிறந்த இடத்துக்கே. சுருதி சேர்த்தல். பேச்சில் சுதி சேர்த்தல். பாட்டுக் கேட்கிற எல்லாருக்கும் ‘சுதி சேரல’ என்றால் என்னவென்று தெரியும். ஒரு நரம்பை முறுக்குவார்கள், இன்னொன்றைத் தளர்த்துவார்கள், எல்லாம் ஒரு ஆதாரச் சுருதியோடு பொருந்தும்வரை கேட்டுக் கேட்டு வைப்பார்கள். கருவி பழுதாகி இருப்பதால் அல்ல, நன்றாக இருப்பதால். இதை உவமை என்று கூடச் சொல்லமாட்டேன். சுருதி என்பதே அதிர்வெண்தான், இலங்கைப் பாடநூல்களில் சொல்வதென்றால் மீடிறன். ஹாஷ் போர்டில் நாம் திருகுவதும் அதே அதிர்வெண்தான், நொடிக்கு இத்தனை துடிப்பு என்று. நேர்ப்பொருளிலேயே பொருந்துகிற சொல் கையில் இருக்கும்போது உகப்பாக்கம் எதற்கு?

ஒரு எச்சரிக்கை. ‘சுருதி கூட்டல்’ என்றும் வழக்கில் உண்டு, இங்கே அதை வேண்டாம் என்பேன், கூட்டல் என்றால் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார்கள் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். சேர்த்தல்தான் பத்திரம். சுதி ஏற்றுவது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது சாயங்கால சமாச்சாரம்.

சுருதி வடசொல்லாயிற்றே என்று கை தூக்குகிறவர்கள் இருப்பார்கள், தெரியும். அவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தின் கானல்வரித் தொடக்கத்தில் மாதவி யாழை எடுக்கும்போது எட்டு வகைச் செயல்கள் வரிசையாக வருகின்றன, அதில் முதலாவது ‘பண்ணல்’. பாட நினைத்த பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை அறிந்து வீக்குவது, அதாவது இழுத்துக் கட்டுவது, என்று உரை. கிரேக்கத் தோனோஸும் இழுத்துக் கட்டுதல், நம்முடைய பண்ணலும் இழுத்துக் கட்டுதல். தேரையும் குதிரையையும் புறப்பாட்டுக்கு ஆயத்தம் செய்வதற்கும் பழைய நூல்களில் பண்ணுதல்தான். பிறகு அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து வெறும் ‘செய்’ ஆகி, இன்று ஆங்கில வினைகளுக்குப் பின்னால் நிற்கிற எடுபிடி ஆகிவிட்டது: போன் பண்ணு, செக் பண்ணு. ‘டியூன் பண்ணு’ என்கிறோமே, அதில் டியூனிங் இரண்டு முறை இருக்கிறது, தமிழ்ப் பாதிதான் யாருக்கும் கேட்பதில்லை. தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் ‘பண்ணமைத்தல்’ என்று எழுதுங்கள், தப்பில்லை, அழகாகவே இருக்கும். புரியாது, அவ்வளவுதான். நான் புரிதல் கட்சி, அதனால் சுதி சேர்த்தலோடு நிற்கிறேன்.

ட்ரபிள்ஷூட்டிங்குக்கு ‘பழுதறிதல்’. நான்கு எழுத்தில் ‘பழுதறி’ என்று கட்டளையாகவும் பட்டனில் போடலாம். ‘சிக்கல் தீர்த்தல்’ சரிசெய்தலை விட மேல் என்றாலும், தேடுவதை விட்டுவிட்டுத் தீர்வுக்குத் தாவிவிடுகிறது. ‘பிழைத்திருத்தம்’ நிரல் எழுதுகிறவர்களிடமே இருக்கட்டும்.

அந்தக் கையேட்டில் இன்னும் சில முத்துகள் உண்டு. ‘உங்கள் சுரங்கத் தொழிலாளி அதிகமாகச் சூடாகிறார்’ என்று ஒரு வரி, மைனர் என்பது அங்கே பெட்டி, ஆள் இல்லை. ‘நிராகரிக்கப்பட்ட பகிர்வுகள்’ என்று இன்னொன்று. பலர் சேர்ந்து மைனிங் செய்யும் கூட்டுக்கு, அதாவது மைனிங் பூலுக்கு, நாம் அனுப்பும் ஷேர் என்பது செய்த வேலைக்கான அத்தாட்சி, அதை வைத்துத்தான் வருமானத்தைப் பிரிப்பார்கள், ஆகவே அது பங்கு. ஃபேஸ்புக் ஷேரும் மைனிங் ஷேரும் ஒன்று என்று நினைக்க, மொழிபெயர்ப்பவர் கருவியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இருந்தால்தான் முடியும். அடுத்த பதிப்பு போடுவதாக இருந்தால் இந்த நான்கையாவது மாற்றச் சொல்லுங்கள்: பழுதறிதல், சுதி சேர்த்தல், பங்கு, மைனர். கடைசியதை மொழிபெயர்க்காமல் மைனர் என்றே விட்டுவிடலாம், தமிழில் மைனர் என்றால் ஏற்கெனவே செலவாளிதான்.