புது கார்பரேட்டர், கீறிப்போன பிஸ்டன்

சில நாள்களுக்கு முன் ஒருவர் மரம் அறுக்கும் தன் 'செயின் சா' மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டரை மாற்றி மூன்று நாள்தான் ஆகிறது, அறுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது, இப்போது கயிற்றை இழுத்தால் லேசாக வருகிறது என்றார். சைலன்ஸரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். பிஸ்டனின் அந்தப் பக்கம் முழுக்க மேலும் கீழுமாக ஆழமான கீறல்கள், பிஸ்டன் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டியிருந்தது. "கார்பரேட்டர் புதுசுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

புதுசுதான். ஆனால் அது பெட்ரோலைத் தேவைக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறது. செயின் சாவின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய்க்குத் தனி வழி கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், எண்ணெயும் சேர்ந்தே குறையும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு: அப்படி ஓடும் மெஷின் கெடுவதற்கு முன் வழக்கத்தைவிட வேகமாகக் கூவும். 'புது கார்பரேட்டர் போட்டதும் பறக்கிறது' என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம்தான் வரும்.

கார்பரேட்டர்மேல் பழிபோடும் முன் பெட்ரோல் குழாயில் வெடிப்பு, டேங்க் ஃபில்டரில் அடைப்பு, டேங்குக்குக் காற்று போகும் வழி, சிலிண்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அந்த ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

அப்புறம் கார்பரேட்டர். ஒரிஜினல் அல்லாத வெளித் தயாரிப்பு எதையும் நான் சோதிக்காமல் மாட்டுவதில்லை. பெட்ரோல் வரும் முனையில் கைப்பம்பும் பிரஷர் மீட்டரும் பொருத்தி ஏறக்குறைய 7 பிஎஸ்ஐ வரை ஏற்றுவேன். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். நடுத் துளைக்குள்ளிருந்து குமிழி வந்தால் பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசி வால்வு சரியாக உட்காரவில்லை, பம்ப் மூடியின் ஓரத்தில் வந்தால் இடுக்கை அடைக்கும் மெல்லிய கேஸ்கெட் கோளாறு. பார்த்து முடித்ததும் காற்றடித்து நன்றாகக் காயவைத்துவிடுங்கள்.

பிறகு டயாஃப்ரம் எனும் மெல்லிய சவ்வின் மூடியைத் திறக்க வேண்டும். ஊசியை இயக்கும் சிறிய லீவரின் உயரம்தான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தாழ்ந்திருந்தால் முழு வேகத்தில் பெட்ரோல் போதாது. உயர்ந்திருந்தால் ஊசி முழுசாக மூடாது, பெட்ரோல் வழியும். சில மாடல்களில் லீவர் அறையின் தரைமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், சிலவற்றில் அளவு வேறு. அதனால்தான் பழைய கார்பரேட்டரை வீசாதீர்கள் என்கிறேன், பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் முன்பின் மாறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எஞ்சினின் அடிப்பகுதியான கிரான்க் கேஸின் காற்றழுத்தம் கார்பரேட்டர் பம்புக்கு வரும் சிறு துளை கேஸ்கெட்டால் மறைந்திருந்தால் மெஷின் ஸ்டார்ட் ஆகி, உடனே பெட்ரோல் கிடைக்காமல் நின்றுவிடும். துளைகளில் உலோகத் துருவலும் கிடக்கலாம்.

மாட்டியாயிற்று, சரி. குறைந்த வேகத்துக்கான எல், அதிக வேகத்துக்கான எச் என்ற பெட்ரோல் திருகுகளை மெதுவாக அடிவரை மூடி, மெஷினின் கையேடு சொல்லும் அளவு திறந்து தொடங்குங்கள். பல மெஷின்களில் அது ஒரு சுற்று. இறுக்கி மூடினால் ஊசிமுனை கெட்டுவிடும். எஞ்சின் சூடானபின் எல் திருகைச் சரிசெய்யுங்கள், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் தயங்காமல் எழ வேண்டும். கையை எடுத்தால் செயின் அசையவே கூடாது. அசைந்தால் அந்த மெஷினை யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

எச் திருகுக்குக் காதுதான் முக்கியம். சுமையில்லாமல் முழு வேகம் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் தடுமாறி, 'படபட'வென்று கரகரக்க வேண்டும். கட்டையில் வைத்து அறுக்கும்போது அதே சத்தம் சுத்தமாக வேண்டும். சுமையில்லாமலே ஒரே சீராகக் கீச்சென்று கூவினால் உடனே கையை எடுத்து, எச் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். கையில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் இருந்தால் கையேட்டிலுள்ள உச்ச வேகத்தைத் தாண்டவிடாதீர்கள். சில கார்பரேட்டர்களில் எச் திருகே இருக்காது, அல்லது திறக்க முடியாதபடி மூடி போட்டிருப்பார்கள். அதில் பெட்ரோல் குறைவென்றால் திருகால் சரிக்கட்ட முடியாது, மாட்டாமல் விடுவதுதான் வழி.

வந்தவரின் மெஷினில் லீவர் தாழ்ந்துதான் இருந்தது. அவருடைய பழைய கார்பரேட்டர் கருவிப்பெட்டியின் அடியில் கிடந்தது. திறந்து பார்த்தேன்: டயாஃப்ரம் காய்ந்து விறைத்திருந்தது, வேறு குறையே இல்லை. கழுவி, புது டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் போட்டேன். சோதனையில் முள் அப்படியே நின்றது. புது பிஸ்டனும் சிலிண்டரும் போட்ட மெஷினில் இப்போது ஓடுவது அதுதான்.