செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாச்சு, இனி ரத்து செய்ய முடியுமா?

பணம் வாங்காமல் பிள்ளைக்குச் சொத்தை எழுதித் தரும் தானசெட்டில்மென்ட் பத்திரங்களில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். ஆரம்பத்தில், ‘தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’. முடிவில், ‘இந்தப் பத்திரத்தை எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை’. பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் மாதிரி தயாராக இருக்கிறது. பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றி அச்செடுத்துக் கொடுக்கிறார். அம்மா படித்துப் பார்க்காமலே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். நாலு வருஷம் கழித்து ‘மகன் சோறு போடுவதில்லை, பத்திரத்தைக் கேன்சல் பண்ணணும்’ என்று வக்கீல்களான எங்களிடம் வரும்போது வழக்கே அந்த இரண்டு வரியில்தான் நிற்கும்.

உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படியல்ல. பதிவாகி, பெற்றவர் ஏற்றுக்கொண்டதும் சொத்து கை மாறிவிடுகிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 126-வது பிரிவு சொல்லும் குறுகலான காரணங்கள் இருந்தால்தான் திரும்பப் பெற முடியும். ‘மனம் மாறிவிட்டது’ என்பது அதில் சேராது.

இது தெரியாமல் பலர் முதலில் ஓடுவது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. தாமே ஒரு ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முழுமையாக எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தை (விற்பனைப் பத்திரம்) ஒருதலைப்பட்சமாக ரத்து செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2011-லேயே சொல்லிவிட்டது. செட்டில்மென்ட்டுக்கும் அதே நிலைதான் என்பதை மதுரைக் கிளை 2022-ல் தெளிவாக்கியது. அப்படி ஒரு ரத்துப் பத்திரம் பதிவாகியிருந்தாலும் வில்லங்கச் சான்றில் ஒரு வரி கூடுமே தவிர, சொத்து திரும்பி வராது.

சரியான வாசல் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்தவர் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் கவனிக்கத் தவறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் அமலுக்கு வருவதற்கு முன் எழுதிய பத்திரத்துக்கு இது உதவாது.

நிபந்தனை பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டுமா என்பதில்தான் இத்தனை ஆண்டு இழுபறி. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாகக் காட்டாமல் 23-வது பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தந்தது. அடுத்து வந்தது நாகப்பட்டினம் வழக்கு. மகள்கள் இருந்தும் ஒரே மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தார் ஒரு மூதாட்டி. மகன் கவனிக்கவில்லை, மகன் இறந்த பின் மருமகளும் கவனிக்கவில்லை. கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். மருமகளின் மேல்முறையீட்டை 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், கே.ராஜசேகர் அமர்வு, நிபந்தனை வெளிப்படையாக எழுதப்பட வேண்டியதில்லை, அன்பின் பேரில் கொடுத்தது என்பதிலேயே ‘கடைசிவரை பார்த்துக்கொள்வாய்’ என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. வெறும் சம்பிரதாயமாக அச்சாகிக்கொண்டிருந்த முதல் வரிக்கு அன்றுதான் உயிர் வந்தது.

நல்ல தீர்ப்பு. ஆனாலும் இதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் என் கட்சிக்காரர்களிடம் சொல்கிறேன். எதிர்த்தரப்பு உச்ச நீதிமன்றத்தின் 2022 டிசம்பர் தீர்ப்பைக் கொண்டுவந்து நீட்டாமல் இருக்காது. பத்திரத்திலேயே இப்படி எழுதுங்கள்: ‘எனது ஆயுட்காலம் முழுவதும் இந்த வீட்டில் குடியிருந்து வாடகை வருமானத்தை அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு. உணவு, உடை, மருத்துவச் செலவு ஆகியவற்றைத் தாங்கள் கவனித்து வர வேண்டியது. தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்துகொள்ள எனக்குப் பூரண அதிகாரம் உண்டு.’ எழுத்தரின் மாதிரியில் உள்ள ‘ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை’ என்ற முடிவு வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். ‘சுவாதீனத்தை (சொத்தின் கைவசத்தை) இன்றே ஒப்படைத்துவிட்டேன்’ என்பதையும் விட்டுவைக்காதீர்கள். ‘நிபந்தனை போட்டால் பிள்ளை மனசு புண்படும்’ என்பார்கள். புண்படுகிற பிள்ளைக்கு இப்போது எழுதிக் கொடுக்க என்ன அவசரம், உயில் எழுதி வையுங்கள்.

ஏற்கனவே எழுதிக் கொடுத்தவர்கள் முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். சொத்து அடமானம் வைக்கப்பட்டிருந்தாலோ மூன்றாம் நபருக்கு விற்கப்பட்டிருந்தாலோ சிக்கல் பல மடங்கு, நாள் கடத்தாதீர்கள். தீர்ப்பாயத்துக்குத் தரும் மனுவில் ‘கவனிக்கவில்லை’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த மாதத்திலிருந்து மருந்துச் செலவு நின்றது, யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள், எப்போது வெளியே அனுப்பினார்கள் என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரி ரசீதையும் பாங்க் பாஸ்புக் நகலையும் இணையுங்கள். பத்திர ரத்தோடு ஜீவனாம்சமும் கேட்கலாம். சட்டப்படி உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். மனு தள்ளுபடியானால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. முதியவரை நிரந்தரமாகக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போவது 24-வது பிரிவின்படி குற்றம்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அண்ணனுக்குப் போன சொத்தைப் பிடுங்க அம்மாவைக் கூட்டிவரும் தம்பிகளையும் பார்க்கிறேன். கேள்வி கேட்டால் அம்மாவை முந்திக்கொண்டு தம்பி பதில் சொல்வார். அப்படி வருகிறவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் தனியாகப் பேசிய பிறகுதான் நான் கேஸ் கட்டையே வாங்குவது.