மலேசிய-தாய்லாந்து எல்லைக் காவலைக் காடும் ஆறும் எப்படி வகுக்கின்றன?

பினாங்கிலிருந்து காரில் ஹட்யாய் போகிறவர்கள் பாஸ்போர்ட்டை நீட்டும் இடம் புக்கிட் காயு ஹீத்தாம். சாவடி அங்கே வந்ததற்கு மலையின் வடிவமே காரணம். 1909இல் பிரிட்டனும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) செய்த உடன்படிக்கை எல்லையைப் பெரும்பாலும் மலைமுகட்டின் வழியே கொண்டுபோனது. மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறதோ, நிலம் அந்தப் பக்கத்து நாட்டுக்கு. முகடு தாழ்ந்த இடத்தில் சாலை போட்டார்கள். பாடாங் பெசாரில் ரயில் கடந்தது. சாவடிகள் பின்னால் வந்தவை.

மீதி முகட்டில் பெரும்பகுதி காடு. பெர்லிஸில் சுண்ணாம்புக்கல் மலையும் குகைகளும். வாங் கெலியான் அருகே 2015இல் ஆட்கடத்தல் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டது இப்படியொரு மலைக்காட்டில்தான். வண்டி ஏறாத இடத்தைச் சாலைச் சாவடி காக்காது.

பேராக்கின் ராயல் பெலும் காட்டில் ரோந்துக்கு வழிகாட்டுவது யானை. அந்தப் பெரிய உடம்போடு செங்குத்தாக ஏறினால் சக்தி வீணாகும் என்பதால், சரிவு குறைந்த முகட்டுத் தடங்களையே யானைக்கூட்டம் தேடும். சுமை தூக்கி வருபவனுக்கும், புலிக்குக் கண்ணி வைப்பவனுக்கும் அதே வழிதான் வாகு. ஆகவே தடங்கள் சந்திக்கும் இடத்தில் தானியங்கிக் கேமரா கட்டினால் பலன் அதிகம்.

அந்தக் கேமரா, பின்னணியைவிட வேறு சூட்டில் ஏதாவது நகர்ந்தால்தான் விழித்துக்கொள்ளும். நண்பகலில் தரையும் மனிதத் தோலும் 35 டிகிரியை ஒட்டி இருந்தால், ஆள் கடந்தும் படம் பதியாது. வெயில் பட்ட இலை ஆடினாலோ வெற்றுப் படங்களாகக் குவியும். எனவே முன்னாலுள்ள செடிகளை வெட்டி, லென்ஸ் கிழக்கையோ மேற்கையோ பார்க்காமல் நிழலில் கட்ட வேண்டும். புலிக்கு முழங்கால் உயரம் போதும். ஆளுக்கு அந்த உயரம் ஆகாது, பெட்டியே திருடுபோகும். தலைக்கு மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். இரவு விளக்கின் அகச்சிவப்பு ஒளி 850 நானோமீட்டர் அலைநீளம் என்றால் மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும், ஆள் சுதாரித்துவிடுவான். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. யானை பெட்டியைப் பிடுங்கி மிதிப்பது தனித் தலைவலி.

கருவி தவறவிடும் காலடியைப் படிக்க ஆள்தான் வேண்டும். 1956இல் ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களைக் கொண்டு உருவான செனோய் பிராக் படைப்பிரிவின் அருமை அங்கேதான் தெரிகிறது.

கிளந்தானில் எல்லை கோலோக் ஆறாகிறது, ஏறத்தாழ 95 கிலோமீட்டருக்கு. வறண்ட மாதங்களில் சில இடங்களில் நடந்தே கடக்கலாம். கரையோரம் ‘பங்கலான் ஹாராம்’ என்ற திருட்டுப் படகுத்துறைகள் பெருகியதும் அதனால்தான். அவற்றின் வழியே கடப்பவர்களை 2024 டிசம்பர் முதல் போலீஸ் கைது செய்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நடைத்துறைகள் மூழ்கிவிடும். அப்போது காவலும் கரையை விட்டுப் படகுக்கு மாற வேண்டும்.